தூக்கியெறியும் டின் வளையத்தில் ஓர் அணிகலன்

கோடை விடுமுறை நெருங்கினால் தீவுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். ஊருக்குப் போகும்போது என்ன கொண்டு போவது? அத்தை வீட்டுப் பெண்களுக்கு என்ன, பெரியம்மாவின் பேத்திக்கு என்ன என்று பட்டியல் நீளும். முன்பெல்லாம் இதற்கு விடை எளிது. சங்கு, சோழி மாலை, சிப்பித் தோடு, ஒரு துண்டு பவளப்பாறை என்று பெட்டியில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறிவிடுவோம். "அந்தமானிலிருந்து வந்தது" என்று சொன்னாலே ஊரில் ஒரு மதிப்பு.

அந்த விடை இன்று செல்லாது. செல்லாமல் போனது நல்லதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக நம் வீட்டுப் பிள்ளைகளே செய்யக்கூடிய ஓர் அணிகலனைப் பற்றி இக்கட்டுரையில் எழுதுகிறேன். குளிர்பான டின்னின் மூடியில், விரலை விட்டு இழுத்துத் திறக்கிறோமே, அந்தச் சிறு வளையம்தான் இதற்கு மூலப்பொருள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மெக்கானிக்கல் பிரிவில் டிப்ளமோ முடித்துப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகனின் வேலையை முன்னிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். ரயிலே ஓடாத ஊரில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ரயில் இல்லாவிட்டாலும் உலோகம் இருக்கிறது. கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கைவேலை சொல்லித் தருகிறேன். அங்கே செய்து பார்த்த பாடம்தான் இது.

சங்கும் பவளமும் ஏன் வேண்டாம்?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு வந்தது. 2001ஆம் ஆண்டில் பவள உயிரினங்களும் பல வகைச் சங்கு சிப்பிகளும் அச்சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி வகைகள், டிரோக்கஸ், டர்போ ஆகியவை அவற்றுள் சில. கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டு உயிரற்றதுதானே, எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். உயிருள்ளதோ இல்லாததோ, எடுத்துச் செல்லக்கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும்போது அகப்பட்டால் பொருள் பறிமுதலாவதோடு வழக்கும் வரலாம். உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குவது வேறு விஷயம். பிள்ளைகள் கரையில் பொறுக்கி டிபன் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பதற்கு யாரிடம் ரசீது இருக்கிறது?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். டிரோக்கஸ் சங்கின் கதையை மட்டும் பாருங்கள். கூம்பு வடிவில், செந்நிறக் கோடுகளுடன் இருக்கும் இந்தச் சங்கின் உட்புறம் முத்துப்போல் மின்னும். பிளாஸ்டிக் பொத்தான் பரவுவதற்கு முன் உலகின் பல நாடுகளில் சட்டைப் பொத்தான்கள் இதிலிருந்துதான் வெட்டியெடுக்கப்பட்டன. அந்தமான் கடலிலிருந்தும் இச்சங்கு ஏராளமாக அள்ளப்பட்டது. நம் தாத்தாக்களின் சட்டையில் மின்னிய பொத்தான்களில் சில இந்தக் கடலிலிருந்து போனவையாகவும் இருக்கலாம். அணிந்துகொள்ளும் பொருளுக்காக ஓர் உயிரினத்தையே குறையச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வெற்றுச் சங்குக்கும் கடலோரத்தில் ஒரு வேலை இருக்கிறது. துறவி நண்டுக்கு உடலின் பின்பகுதி மிருதுவானது; அதற்கு ஓடு கிடையாது. யாரோ விட்டுப்போன சங்குக்குள் புகுந்துதான் அது வாழ்கிறது. வளர வளரப் பெரிய சங்கு தேடி வீடு மாறும். நம் தீவுகளில் தென்னை மரம் ஏறும் தேங்காய் நண்டும் இளம் பருவத்தில் அப்படித்தான் சங்குக்குள் ஒளிந்து வளர்கிறது. ஒரு மாலைக்கு ஐம்பது சங்குகள் பொறுக்கினால் ஐம்பது வீடுகளை எடுத்துவிட்டோம் என்று பொருள்.

கரை ஒதுங்கியதைக் கருவியாக்கியவர்கள்

வேண்டாத பொருளிலிருந்து வேண்டியதைச் செய்வது இத்தீவுகளுக்குப் புதிதல்ல. 1981ஆம் ஆண்டு பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் வடக்கு சென்டினல் தீவின் பவளத் திட்டில் தரை தட்டியது. கப்பலில் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். கப்பல் அங்கேயே நின்றுவிட்டது. அதன் இரும்பை அத்தீவின் ஆதிகுடிகள் எடுத்து அம்புமுனைகளாக்கிக் கொண்டார்கள். அவர்களிடம் உலையும் கிடையாது, பட்டறையும் கிடையாது. கையில் கிடைத்த உலோகத்தின் குணம் அறிந்து அதை உருவாக்கிக்கொண்டார்கள். பொறியியல் என்று நாங்கள் படித்ததன் முதல் பாடம் அதுதான்.

நம் கரைகளில் இன்று கப்பலைவிட அதிகமாக ஒதுங்குவது குப்பை. கிரேட் நிக்கோபார் கடற்கரைகளில் ஆய்வாளர்கள் சேகரித்த பிளாஸ்டிக் புட்டிகளில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் பெயர்கள் இருந்தன. அது அலை கொண்டு வருவது. சுற்றுலாப் பயணிகளும் நம் வீட்டு விசேஷங்களும் சேர்க்கும் குப்பை தனிக் கணக்கு. அதில்தான் நமக்கு வேண்டிய டின்கள் இருக்கின்றன.

வளையம் பிறந்த கதை

ஐம்பதுகள் வரை பான டின்னைத் திறக்க ஒரு கருவி வேண்டும். அதன் கூர்முனையால் மூடியில் ஓட்டை போடுவார்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து எர்மல் ஃபிரேஸ் என்ற பொறியாளர் 1959இல் குடும்பத்துடன் உல்லாசப் பயணம் போனபோது அந்தக் கருவியைக் கொண்டு போகவில்லையாம். காரின் பம்பரில் டின்னை இடித்துத் திறந்தார் என்று சொல்வார்கள். பிறகு அவர் மூடியிலேயே வளையத்தைப் பொருத்தும் முறையைக் கண்டார். 1962இல் பிட்ஸ்பர்க் நகரத்து பீர் ஆலை ஒன்று அதை முதலில் பயன்படுத்தியது.

அவர் கண்ட சூட்சுமம் ஆணி இல்லாத ரிவெட். பழைய பாம்பன் பாலத்தில் இரும்புத் தகடுகளைத் துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைச் செருகித் தலையை அடித்திருப்பார்கள். டின் மூடியில் துளை போட்டால் பானம் ஒழுகும், வாயுவும் வெளியேறும். ஆகவே மூடித் தகட்டையே நடுவில் சிறு குமிழாக எழுப்பி, அதன் மேல் வளையத்தை மாட்டி, குமிழின் தலையை நசுக்கிவிடுகிறார்கள். தகடே ரிவெட்டாகிறது. அடுத்த முறை டின் திறக்கும்போது பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்.

அந்தக் கால வளையம் இழுத்தால் கையோடு வந்துவிடும். கடற்கரையெங்கும் அவை சிதறிக் கிடந்து வெறுங்காலைக் கிழித்தன. அவற்றைக் கோத்து மாலையும் தொப்பியும் செய்து அணிந்தவர்களும் அப்போதே உண்டு. 1975இல் டேனியல் கட்ஸிக் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் வளையம் மூடியிலேயே தங்கும் டின் வந்தது. நாம் இன்று காண்பது அந்த வகைதான்.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

வகுப்பில் வளையங்களைக் குவித்து வைத்துப் பாடம் தொடங்கிய நாளில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "தாத்தா, வளையத்தை மட்டும் எடுத்துக்கிட்டு டின்னைக் குப்பையில போட்டா, அது சுற்றுச்சூழலுக்கு நல்லதா?" என்றாள். நியாயமான கேள்வி. விடையைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டோம்.

ஒரு வளையத்தின் எடை ஏறத்தாழ 0.3 கிராம். முழு டின் சுமார் 14 கிராம். பாக்சைட்டிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால் அந்த ஆற்றலில் 100க்கு 5 பங்கு போதும். 95 பங்கு மிச்சம். இதை ஒரு டின்னுக்குக் கணக்கிட்டால் சுமார் 0.2 யூனிட் வருகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எரியும் மின்சாரம் அது. வளையத்துக்கு மட்டும் கணக்கிட்டால் அதே விளக்கு அரை மணி நேரம் எரியும்.

ஆகவே வளையத்தை எடுத்துக்கொண்டு டின்னை எறிவது அரை மணி நேர வெளிச்சத்தைக் காத்து, 20 மணி நேர வெளிச்சத்தைக் குப்பையில் போடுவதாகும். பெருமளவு டீசலை எரித்து மின்சாரம் எடுக்கும் நம் தீவுகளில் இதன் அருமை எல்லோருக்கும் தெரியும். அன்றே ஒரு விதி செய்துகொண்டோம். வளையம் எடுத்த ஒவ்வொரு டின்னையும் கழுவி, நசுக்கி, காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டும். இங்கே உருக்காலை இல்லாததால் அது கப்பலில் மெயின்லாண்டுக்குத்தான் போக வேண்டும். நசுக்கினால் இடம் மிச்சமாகும்.

தமிழ்நாட்டுக்கும் அலுமினியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் எடுத்தது. 2008இல் அந்தப் பிரிவு நின்றுவிட்டது. ஒரு மலையின் மண், ஓர் அணையின் மின்சாரம் என்று இத்தனையும் சேர்ந்து உருவாகும் உலோகத்தைத்தான் ஐந்து நிமிடம் குடித்துவிட்டு வீசுகிறோம்.

பாடம்: கைவளை செய்யும் முறை

தேவையானவை: வளையங்கள், அரை சென்டிமீட்டர் அகலமுள்ள ரிப்பன், சிறு அரம் அல்லது உப்புத்தாள், கத்தரிக்கோல். ரிப்பனுக்குப் பதில் தையல்காரரிடம் மிஞ்சும் துணி நாடாவும் பயன்படும்.

எத்தனை வளையம் வேண்டும்? ஒரு வளையத்தின் அகலம் சுமார் 1.6 செ.மீ. மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளந்து 1.6ஆல் வகுத்தால் முன்வரிசைக்கு வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும். பின்வரிசைக்கு அதில் ஒன்று குறைவு. 16 செ.மீ. மணிக்கட்டுக்கு முன்னால் 10, பின்னால் 9, ஆக 19. சிறு பிள்ளையின் 13 செ.மீ. கைக்கு 8ம் 7ம், ஆக 15. பத்தொன்பது வளையத்தின் எடை 6 கிராம்கூட வராது. ஒரு சவரனைவிடக் குறைவு!

முதற்படி, கழற்றுதல். பிடுங்கி இழுக்கக்கூடாது; மூடி கிழிந்து கையை வெட்டும். வளையத்தை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். சில தடவையில் தானே முறிந்து வரும். சிறு விசையால் திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் களைத்து முறியும். இதை உலோகச் சோர்வு என்போம். 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு இப்படித்தான் திடீரென முறிந்து பெரும் விபத்து நேர்ந்தது. பிறகு ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து இதற்கு விதி கண்டார். பணிமனைகளில் அச்சுகளை மீயொலிக் கருவியால் சோதிப்பது இந்தக் களைப்பின் கீறலைத் தேடித்தான். அச்சில் நாங்கள் அஞ்சியது டின் வளையத்தில் நமக்கு உதவுகிறது.

இரண்டாம் படி, மழுக்குதல். முறிந்த இடத்தில் ஒரு சிறு முள் நிற்கும். அதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்து, பிறகு ஒரு பழைய நைலான் துணியில் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்தப் படியை ஒருபோதும் அவசரப்படுத்தக்கூடாது. அரத்தைச் சிறுவர்களிடம் கொடுக்காமல் பெரியவர்களே செய்வது நல்லது.

மூன்றாம் படி, கழுவுதல். சர்க்கரைப் பிசுக்கு போக வெந்நீரும் சோப்பும் போதும். சலவைச் சோடாவில் ஊற வைக்காதீர்கள். அலுமினியம் கறுத்து அரிக்கும்.

நான்காம் படி, பின்னுதல். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பெரிய துளை, ஒரு சிறிய துளை உண்டு. ஒரு முகம் வழவழப்பாகவும் மறுமுகம் ஓரம் மடிந்தும் இருக்கும். 60 செ.மீ. நீளத்தில் இரண்டு ரிப்பன் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று பெரிய துளைகளுக்கு, மற்றது சிறிய துளைகளுக்கு.

1. முன்வரிசையின் முதல் இரண்டு வளையங்களை வழவழப்பு மேலே தெரிய, பெரிய துளை உங்களுக்கு அப்பால் இருக்குமாறு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

2. அவற்றின் அடியில், இரண்டுக்கும் நடுவில், ஒரு பின்வரிசை வளையத்தை வழவழப்பு கீழ்நோக்க வையுங்கள். பெரிய துளைக்கு நேராகப் பெரிய துளை. செங்கல் சுவரில் மேல் கல் கீழ் இரண்டு கற்களின் சந்தில் உட்காருமல்லவா, அதே அடுக்கு. இப்போது பின்வளையத்தின் துளை வழியாகப் பார்த்தால் முன்வளையங்கள் இரண்டின் விளிம்புகளும் ஒரு தூண்போல நடுவில் நிற்கும். தூணுக்கு இருபுறமும் இரண்டு சந்துகள் தெரியும்.

3. ரிப்பனின் நுனியில் 15 செ.மீ. விட்டுவிடுங்கள். முதல் முன்வளையத்தின் இடது விளிம்புக்கு மேலாகக் கொண்டுவந்து, துளையின் இடது ஓரமாகக் கீழே இறக்குங்கள். பின்வளையத்தின் இடது விளிம்புக்கு அடியில் நுழைத்து, இடதுச் சந்து வழியே மேலே ஏற்றுங்கள். தூணைத் தாண்டி வலதுச் சந்தில் இறக்குங்கள்.

4. மூன்றாவது முன்வளையத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டாவது பின்வளையத்தை அடுத்த சந்தின் அடியில் வையுங்கள். ரிப்பன் இப்போது அடியில் இருக்கிறது. பின்வளையங்கள் இரண்டும் சேரும் விளிம்புகளுக்கு அடியாகக் கொண்டுபோய் அடுத்த சந்தில் ஏற்றி, அடுத்த தூணைத் தாண்டி இறக்குங்கள். மேலே வரும்போது முன்வரிசையை அழுத்துகிறது. கீழே போகும்போது பின்வரிசையைத் தாங்குகிறது. நம் வீட்டுப் பெண்கள் அறிந்த ஓட்டுத் தையல்தான் இது.

5. சிறிய துளைகளில் இரண்டாவது ரிப்பனை இதேபோல் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒவ்வொரு வளையமாகக் கொண்டு சென்றால் வரிசை கோணாது. ஒவ்வொரு முறையும் ரிப்பன் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக இழுங்கள்.

6. கடைசி முன்வளையத்தில் ரிப்பனை மேலே ஏற்றி வலது விளிம்பைத் தாண்டி வெளியே விடுங்கள். இருபுறமும் தொங்கும் நான்கு நுனிகளையும் மணிக்கட்டில் சேர்த்து முடிந்தால் கைவளை தயார். நுனி பிரியாதிருக்கப் பெரியவர்கள் தீக்குச்சியால் இலேசாகச் சுட்டுவிடலாம்; நைலான் ரிப்பனுக்கு மட்டும்.

இந்த நேர்ப்பின்னல் கைவந்த பிறகு, மேல் ரிப்பனையும் கீழ் ரிப்பனையும் ஒவ்வொரு தூணிலும் குறுக்கே மாற்றிப் பெருக்கல் குறிபோலப் பின்னலாம். அதற்கு ரிப்பன் இன்னும் நீளமாக வேண்டும்.

மற்ற அணிகள்

இதே பின்னலை 70 செ.மீ. இடுப்புக்கு நீட்டினால் முன்னால் 44, பின்னால் 43, ஆக 87 வளையம். 26 கிராமில் ஓர் ஒட்டியாணம்! பொங்கல் விழாவில் நடனமாடும் பெண்களுக்கு இதைக் கட்டிப் பார்த்தோம். விளக்கொளியில் நன்றாக மின்னுகிறது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பாசிமணியோ கொட்டாங்கச்சி மணியோ சேர்த்துக் கயிற்றில் கோத்தால் காசுமாலைபோல் இருக்கும். குன்றிமணியை மட்டும் துளையிட்டுக் கோக்க வேண்டாம். அழகாக இருந்தாலும் அதன் பருப்பு கொடிய நஞ்சு.

காதணிக்கு ஒரு வளையத்தில் மூன்று வளையங்களைத் தொங்கவிட்டால் போதும். கொக்கியை நல்ல துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்குக் காதில் அரிப்பைத் தரும். செம்புக் கம்பியால் இணைக்காதீர்கள். உப்புக்காற்றும் வியர்வையும் நிறைந்த நம் ஊரில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம்போல் ஆகி அலுமினியம் அரிக்கப்படும். நூலும் ரிப்பனும் இந்தத் தொல்லை தரா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தனி வளையங்களைக் கொடுக்க வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

உலகில் வேறு இடங்களில்

பிரேசிலின் தலைநகர்ப் பகுதியில் பெண்கள் கூட்டுறவுக் குழுக்கள் இவ்வளையங்களைக் குரோஷா ஊசியால் பின்னிக் கைப்பைகள் செய்கின்றன. எஸ்காமா ஸ்டூடியோ என்ற நிறுவனம் 2004 முதல் அவற்றை வெளிநாடுகளில் விற்றது. எஸ்காமா என்றால் போர்த்துக்கீசிய மொழியில் மீன் செதில். அடுக்கடுக்காக மின்னும் வளையங்களுக்குப் பொருத்தமான பெயர். வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலையால் அப்பெண்களுக்குச் சொந்த வருமானம் கிடைத்தது.

நமக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் உள்ள தாய்லாந்தில் இதே வளையம் வேறு வகையில் அணியப்படுகிறது. அங்கு அந்நாட்டின் அப்போதைய மன்னரின் அன்னையாரின் ஆதரவில் 1992இல் தொடங்கிய செயற்கைக் கால் அறக்கட்டளை, மக்கள் சேர்த்துத் தரும் வளையங்களையும் பிற அலுமினியத்தையும் உருக்கிச் செயற்கைக் கால்களின் பாகங்களுக்குப் பயன்படுத்தியது. கால் இழந்த ஏழைகளுக்கு அவை இலவசம். அதை வழிநடத்திய மருத்துவர் தெர்ட்சாய் ஜிவகாத்தே 2008இல் மகசேசே விருது பெற்றார். அங்கும் வளையம் மட்டும்தான் உதவும் என்ற தவறான நம்பிக்கை மக்களிடையே பரவியிருந்தது. டின்னும் பழைய பாத்திரமும் அதே அளவு உதவும். வளையம் எளிதாகச் சேர்கிறது, நாற்றமெடுப்பதில்லை, அவ்வளவே.

இதன் எல்லை என்ன?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கைவேலையால் தீவுகளின் குப்பை தீர்ந்துவிடாது. கைவளைகள் செய்வதற்கென்றே டின் பானம் வாங்கிக் குடிக்கத் தொடங்கினால் பாடமே தலைகீழாகிவிடும். நமக்கு இளநீர் இருக்கிறது. அதன் மூடியை அரிவாள் திறக்கும். யாரோ குடித்துப் போட்டதைத்தான் எடுக்க வேண்டும். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் ஒரு மாலை நடந்தாலும், ஒரு திருமண வரவேற்பு முடிந்த மண்டபத்தில் சொல்லி வைத்தாலும் ஒரு வகுப்புக்கு வேண்டியது கிடைத்துவிடும். பொறுக்கும்போது கையுறை அவசியம்.

அப்படியானால் பயன் என்ன? கடலிலிருந்து ஓர் உயிரையும் எடுக்காத நினைவுப் பொருள் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு அளவும் வகுத்தலும் உலோகத்தின் குணமும் விரல் நுனியில் பதிகின்றன. தோடு, தூண், விளிம்பு, சந்து, முடிச்சு, ஓட்டுத் தையல் என்று பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் நம் பேரப்பிள்ளைகள் பத்துத் தமிழ்ச் சொற்களைக் கையால் செய்தபடியே கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்ப் பாட நூலில் படித்து மறந்த சொல், கையில் வேலையாக வந்தால் மறப்பதில்லை.

சென்ற விடுமுறைக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று கைவளைகள் செய்து ஊருக்குக் கொண்டு போனார்கள். மதுரையில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம், "அந்தமான்லேர்ந்து சங்கு கொண்டு வரலையாடி?" என்று கேட்டாராம். "சங்குல நண்டு குடியிருக்கு பாட்டி, இதுல யாரும் குடியில்லை" என்று சொல்லிவிட்டு அவர் கையிலேயே ஒன்றைக் கட்டிவிட்டாளாம் அந்தப் பெண்.

பின்னிப் பார்க்க விரும்பும் தாய்மார்களும் பிள்ளைகளும் சனிக்கிழமை வகுப்புக்கு வரலாம். அரமும் ரிப்பனும் நான் தருகிறேன். வளையத்தோடு, அதைக் கழற்றிய டின்னையும் கழுவி நசுக்கி எடுத்து வாருங்கள். சாக்கு நிறைந்ததும் காயலான் கடைக்குப் போகும்; கிடைக்கும் காசுக்கு அடுத்த வகுப்பின் ரிப்பன்.